வலேரியின் நாற்பதாம் நாளும் தொலைக்காட்சிக்காரர்களும்

அலெவ்தினாவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் அவளைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மிங்க் ரோமக் கோட்டு போட்டுக்கொண்டு மீன் வாங்கப் போகிறவள். கல்யாணம் கல்யாணம் என்று மகளின் உயிரை எடுக்கிற அம்மா. வெள்ளிக்கிழமை ஆனால் வீடு நிறைய ஆட்களைக் கூட்டி வைத்து பாட்டில் பாட்டிலாகக் காலி செய்கிறவள். நாடு முழுக்க அப்படித்தான் பார்த்தது, சிரித்தது, அடுத்த வாரமும் பார்த்தது.

முதலில் அந்தக் கோட்டைச் சொல்லிவிடுகிறேன். அது என் கடையிலிருந்து போனது. அமெரிக்காவில் எங்கள் ரஷ்யர்கள் குடியிருக்கும் பிரைட்டன் பீச் அவென்யூவில், தலைக்கு மேலே ரயில் தடதடக்கும் பாலத்துக்குக் கீழே, எனக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. ஒருநாள் காதில் ஒயர் மாட்டிய பையன் ஒருவன் உள்ளே வந்து, நல்ல ரஷ்யக் கோட்டாக ஒன்று அரை நாளுக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டான். உள்துணி மாற்றக் கொடுத்திருந்த ஒரு பல் டாக்டர் மனைவியின் கோட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிக்கு என்றதும் எனக்கும் ஆசை விடவில்லை, கொடுத்தனுப்பினேன். அதை அலெவ்தினாவுக்குப் போட்டுவிட்டு மீன் கடையில் நிற்க வைக்கப்போகிறார்கள் என்று நான் கண்டேனா? தன் கோட்டு கெண்டை மீன் பெட்டிமேல் உரசுவதை அந்த அம்மாள் சோபாவில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறாள். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறாள்.

அல்யாவுக்குச் சொந்தமாக இருந்ததெல்லாம் நீல நிறத்தில் ஒரு பஞ்சுக் கோட்டுதான். அலெவ்தினா என்று காகிதத்தில் இருக்கும், எங்களுக்கு அவள் அல்யா. ரீபின்ஸ்க் நகரத்தில், வோல்கா கரையில், கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டியவள். உச்சியில் தனியாக உட்கார்ந்திருப்பவளிடம் கீழே இருப்பவர்கள் கையைக் காட்டித்தான் பேசுவார்கள், அவளும் கையைக் காட்டித்தான் பதில் சொல்வாள். அந்தப் பழக்கம் இங்கே வந்தும் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால் விரலை ஆட்டுவாள், வாயைத் திறக்கமாட்டாள். வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் என்று நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அப்படிப்பட்டவளைத்தான் தொண்டை கிழியக் கத்துகிறவளாகக் காட்டினார்கள்.

அவள் புருஷன் வலேரி அதே தளத்தில் மின்சார வேலை பார்த்தவர். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அவரைத் தூக்கி வளர்த்தது அக்கா ஸோயா. தம்பிக்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அமெரிக்கா போகும் குலுக்கலில் வலேரியின் பேர் வந்தபோது ரீபின்ஸ்க் ரயில் நிலையத்தில் வைத்து ஸோயா தம்பியைத் திட்டவில்லை, அல்யாவைத்தான் தனியாகக் கூப்பிட்டாள். "கூட்டிட்டுப் போற, சரி. முகம் தெரியாதவங்க நடுவுல அவனைச் சாக விட்டுராத" என்றாள். வேறொருத்தியாக இருந்தால் கிழவி உளறல் என்று உதறிவிட்டிருப்பாள். அல்யா அதைச் சுமந்துகொண்டே வந்தாள். ஞாயிறு தவறாமல் ஸோயாவுக்குப் போன் போட்டு, தம்பி என்ன சாப்பிட்டார், யாரோடு மீன் பிடிக்கப் போனார், எந்தச் சட்டை போட்டிருக்கிறார் என்று ஒப்பித்துவிட்டுத்தான் வைப்பாள். அவள் வாய் நிறையப் பேசி நான் கேட்டது அந்தப் போனில் மட்டும்தான்.

இங்கே வலேரி லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையில் சேர்ந்தார். அல்யா வயதானவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்க் குளிப்பாட்டி, சோறூட்டி, மருந்து கொடுக்கும் வேலைக்குப் போனாள். ஒரே மகள் மிலானா. வந்தபோது பல் விழுந்த வாயோடு வந்தாள், வளர்ந்தபின் தெருவே திரும்பிப் பார்த்தது. கண்ணிமைக்கு முடி ஒட்டும் கடையில் வேலை பார்த்தாள். நல்ல பெண்தான், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. தன்னை யாராவது பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு.

அப்போதுதான் 'பிரைட்டன் மகாராணிகள்' என்ற நிகழ்ச்சிக்கு ஆள் எடுக்க வந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் ஐந்து பேர், அவர்கள் வீடு, அம்மா, காதல், சண்டை. நடிப்பு இல்லை, உள்ளது உள்ளபடி என்றார்கள். மிலானாவைத் தேர்ந்தெடுத்ததும் வலேரி இனிப்பு வாங்கி வந்து கொடுத்தார். மகள் தொலைக்காட்சியில் வரப்போகிறாள் என்று லிஃப்டில் ஏறியவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

படம் எடுக்க வந்த குழுவுக்குப் பொறுப்பாளர் கெல்சி. சின்னப் பெண், தேன் தடவின பேச்சு. கல்யாணம் எப்போது என்று மகளைப் பார்த்துக் கேளுங்கள் என்று அல்யாவிடம் சொன்னாள். அவளுக்குத் தோணினபோது பண்ணிக்கொள்ளட்டும், நான் ஏன் கேட்கவேண்டும் என்றாள் அல்யா. மிலானா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். கெல்சி சிரித்துக்கொண்டே மறுபடி கேட்கச் சொன்னாள். மறுபடி, மறுபடி. வேலைக்கு நேரமாகிறது, வாசலை மறித்துக்கொண்டு விளக்கு நிற்கிறது. கடைசியில் அல்யா பொறுக்கமாட்டாமல் என்னை விடுங்கள் என்று கத்தினாள். அந்தக் கத்தல்தான் நிகழ்ச்சியில் வந்தது. கீழே ஆங்கிலத்தில், இந்த வருஷம் கல்யாணம் ஆகாவிட்டால் வீட்டை விட்டுப் போ என்று எழுத்து ஓடியது.

ஒன்று சொல்லவேண்டும். கெல்சி வெறுங்கையோடு வந்ததே இல்லை. வரும்போதெல்லாம் ஒரு டஜன் ரோஜா. எங்களில் உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்போம், இரட்டைப்படை சவப்பெட்டிக்கு. பாவம், அவளுக்கு எங்கே தெரியும். அல்யா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வாள், சமையலறைக்குப் போய் ஒன்றை உருவி என் கையில் கொடுப்பாள், மிச்சம் பதினொன்றை ஜாடியில் வைப்பாள். மிலானாவிடம் எடுத்துச் சொல்லச் சொன்னோம். இந்தக் கிராமத்து நம்பிக்கையையெல்லாம் அவர்களிடம் சொன்னால் மானம் போய்விடும் என்றாள் அவள்.

நிகழ்ச்சி பாதி எடுத்திருந்தபோது வலேரி இறந்தார். ஒரு பழைய கட்டடத்தின் மாடியில், லிஃப்ட் இயந்திரம் இருக்கும் அறையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூட வேலை பார்த்த ரஷீத் கீழே தேநீர் வாங்கப் போயிருந்தான். அப்படியென்றால் பக்கத்தில் ஒருவர்கூட இல்லாமல்தான் போனார். முகம் தெரியாதவர்கள்கூட இல்லை. அதை ஸோயாவிடம் அல்யா எப்படிச் சொன்னாளோ, நான் அந்தப் போனில் பக்கத்தில் இல்லை. ஸோயாவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது, விசாவும் கிடைக்கவில்லை, அடக்கத்துக்கு வரமுடியவில்லை. ஆன்மா விடைபெற்றுப் போகிற நாற்பதாம் நாளையாவது ஒழுங்காகச் செய், அங்கே யாருக்கு இதெல்லாம் தெரியும், நாய்க்குச் சோறு வைக்கிற மாதிரி வைத்துவிட்டு எழுந்துவிடாதே என்று மட்டும் சொன்னாளாம்.

அல்யா இரண்டு நாள் சமைத்தாள். தேனும் திராட்சையும் போட்ட கோதுமைப் பொங்கல், அப்பம், ஹெர்ரிங் மீன், எலும்பை ராத்திரி முழுக்கக் கொதிக்கவிட்டு உறைய வைத்த இறைச்சி. நடுவில் வலேரியின் படம், கறுப்பு நாடா, முன்னால் நிரப்பிய வோட்கா கிளாஸ், அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. அது அவருக்கு. இந்த மேஜைக்கு யாரையும் அழைப்பதில்லை, வந்தவரை யாரும் திருப்பி அனுப்புவதும் இல்லை. குடிக்கும்போது கிளாஸோடு கிளாஸை மோதக்கூடாது. மோதினால் அது கொண்டாட்டம். இது எங்கள் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

எல்லாரும் உட்கார்ந்த நேரத்தில் மணி அடித்தது. நானும் அல்யாவும் போய்த் திறந்தோம். கறுப்பு உடையில் கெல்சி நின்றாள், பின்னால் கேமராவோடு இரண்டு பேர். கையில் வெள்ளை ரோஜா. அல்யாவின் கண் பழக்கத்தில் எண்ணிவிட்டது, பன்னிரண்டு. இவ்வளவு காலமாகத் தப்பாக இருந்தது இன்று சரியாக இருக்கிறது. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பாருடி ஃபைனா. யார்கிட்டயோ கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கா" என்றாள்.

அவள் எப்போதும் பன்னிரண்டுதான் வாங்குவாள், கடைக்காரன் கட்டி வைத்திருப்பதே அவ்வளவுதான் என்று சொல்ல என் நாக்கு நுனி வரை வந்தது. அந்த நேரத்தில் அதைச் சொல்ல யாருக்கு மனசு வரும்? கேமரா மட்டும் வெளியே இருக்கட்டும் என்றேன். அதற்கும் அல்யா கேட்கவில்லை. கெல்சி மிலானா மூலமாக, குடும்பத்துக்கு ஒரு நினைவாக இருக்கட்டும், பிரதி கொடுக்கிறோம் என்றாள். அல்யா முகம் தெளிந்துவிட்டது. "எடுக்கட்டும்டி. ஸோயாக்கா பாக்கணும். எத்தனை பேர் வந்திருக்காங்க, எப்படி உக்காந்திருக்காங்கன்னு கண்ணால பாக்கட்டும்" என்றாள்.

உண்மையிலேயே பார்க்கவேண்டிய மேஜைதான். மீன் பிடிக்கும் நண்பர்கள், அல்யா பார்த்துக்கொள்ளும் கிழவர்களின் பிள்ளைகள், கட்டடத்துக் காவல்காரர், நடக்க முடியாத ஒரு பாட்டியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த அவள் மருமகள். எல்லாரும் எழுந்து நின்று, மண் அவருக்கு மெத்தையாக இருக்கட்டும் என்று சொல்லிச் சத்தமில்லாமல் குடித்தோம். பிறகு வழக்கம்போல செத்தவரைப் பற்றிய கதைகள் ஆரம்பித்தன. வலேரி தான் சரி செய்த லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டு, வெளியே இருந்த முதலாளி யாருடா இதைச் சரி செய்தவன் என்று கத்தக் கத்த, தெரியவில்லை ஐயா, ஆனால் மோசமான ஆள் என்று உள்ளே இருந்தே பதில் சொன்ன கதையை ரஷீத் சொன்னான். அழுதுகொண்டிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அல்யா அப்பத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றபடி சிரித்தாள், கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மிலானா மேஜையின் அந்தக் கோடியில், கேமராக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று ராத்திரியே அல்யா ஸோயாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். படம் வருகிறது, நீங்களே பாருங்கள் என்றாள். ஸோயா முதல்முறையாக, நல்லது செய்தாய் அல்யா என்று சொல்லியிருக்கிறாள். அதை அல்யா என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

இலையுதிர் காலத்தில் நிகழ்ச்சி வந்தது, நானும் அல்யாவும் என் கடையில் உட்கார்ந்து பார்த்தோம். நாற்பதாம் நாள் என்ற பேச்சே இல்லை. வலேரி செத்ததே அதில் இல்லை. மிலானா வீட்டு வெள்ளிக்கிழமை விருந்து என்று தலைப்பு. வலேரியின் படம் இருந்த இடம் ஒரு தடவைகூடத் தெரியாமல் வெட்டியிருந்தார்கள். நாங்கள் எழுந்து நிற்கிறோம், கிளாஸைத் தூக்குகிறோம், உடனே கிளாஸ்கள் மோதுகிற சத்தம், கணகணவென்று, ஒன்றல்ல நாலைந்து. அதன்மேல் ஒரு கூத்துப் பாட்டு. மண் மெத்தையாகட்டும் என்று நாங்கள் சொன்னதற்கு, கடைசிச் சொட்டுவரை என்று எழுத்துப் போட்டார்கள். பிறகு அல்யாவின் சிரிப்பு, பக்கத்தில் வைத்து, அகலமாக. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரயில் சத்தத்தில் என் தொலைக்காட்சி சரியாகக் கேட்காது என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன்.

அல்யா மகளைக் கேட்டபோது நானும் இருந்தேன். மிலானாவுக்கும் முகம் செத்துப்போயிருந்தது என்பதைச் சொல்லவேண்டும். பிறகு கோபமாக மாற்றிக்கொண்டாள். நானா வெட்டினேன், நானா ஒட்டினேன், இதெல்லாம் பொய் என்று உலகத்துக்கே தெரியும் என்றாள்.

"அந்தக் கிளாஸ் சத்தம்?" என்று அல்யா கேட்டாள்.

"மெஷின்ல போடுறதும்மா. எல்லாச் சத்தமும் அவங்ககிட்ட ரெடியா இருக்கும்."

அது அல்யாவுக்குப் போதுமாக இருந்தது. மகள் சொன்னதைப் பிடித்துக்கொண்டாள். கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களிடம், கிளாஸ் எதுவும் மோதவில்லை, நீங்களும்தானே இருந்தீர்கள், அது மெஷின் என்று, வாய் திறக்காதவள் நின்று நின்று சொன்னாள். ரஷீதிடம் சொன்னபோது அவன் தொப்பியைக் கையில் எடுத்துத் தூசி தட்டினானே ஒழிய ஆமாம் என்று சொல்லவில்லை. நான் அப்போது அதை யோசிக்கவில்லை.

ரீபின்ஸ்கில் யாரோ ஒருத்தி தன் கணினியில் அந்தத் துண்டை ஸோயாவுக்குப் போட்டுக் காட்டிவிட்டாள். நல்லது செய்ய ஆளிருக்காது, இதற்கென்றால் ஓடி வருவார்கள். அதற்குப் பிறகு ஸோயா போனை எடுக்கவில்லை. அல்யா ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் எடுத்தாள். வலேரியின் ஆன்மாமேல் சத்தியம், ஒரு கிளாஸ்கூட மோதவில்லை, மெஷினில் போட்ட சத்தம் என்று அல்யா அழுதாள். அதற்கு ஸோயா, படம் எடுத்தார்கள் என்றாயே, அதை அனுப்பு, ஒரு இடத்திலும் வெட்டாமல் முழுசாக அனுப்பு, பார்த்துவிட்டு நம்புகிறேன் என்றாள்.

அந்தப் படத்துக்காக என்னையும் இழுத்துக்கொண்டு மன்ஹாட்டனில் அவர்கள் அலுவலகத்துக்குப் போனாள். கெல்சி கட்டிப்பிடித்து வரவேற்றாள். பார்க்கிறவர்களுக்கு உங்களைத்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது, அடுத்த வருஷமும் எடுக்கிறோம், நீங்கள் இருந்தால்தான் மிலானாவுக்கும் இடம் என்றாள். என் அரைகுறை ஆங்கிலத்தில், இது சாவு வீடு, உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும், ஆனால் துக்கம் இந்த நிகழ்ச்சிக்குப் பொருந்தாது, எல்லாரும் சந்தோஷமாக இருந்தீர்கள், அந்த உயிர்ப்பைத்தான் காட்டினோம் என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். அவள் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். வெட்டாத படம் நிறுவனத்தின் சொத்து, வெளியே கொடுக்கும் வழக்கமில்லை என்றாள். அல்யா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். படத்தைக் கொடுத்தால் அடுத்த வருஷமும் வருகிறேன், நீங்கள் சொல்கிற கோட்டைப் போட்டுக்கொள்கிறேன், கத்தச் சொன்னால் கத்துகிறேன் என்று சொல்லச் சொன்னாள். அந்த வார்த்தைகளை ஆங்கிலமாக்கிச் சொன்ன என் வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒரு வாரத்தில் படம் வந்துவிட்டது.

வந்த அன்றே அல்யா ஸோயாவுக்குச் சொல்லிவிட்டாள், கைக்கு வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன் என்று. பிறகுதான் நாங்கள் இருவரும் அவள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். பாட்டு இல்லை, எழுத்து இல்லை. வலேரியின் படம் நடுவில் இருந்தது. நாங்கள் எழுந்து நின்றோம், சொன்னோம், குடித்தோம், ஒரு சத்தம் இல்லை. கோயில் மாதிரி இருந்தது. அல்யா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பார்த்தாயா, பார்த்தாயா என்றாள்.

பிறகு ரஷீதின் கதை வந்தது. எல்லாரும் சிரிக்கிறோம். கேமரா அல்யாவின் பக்கம் திரும்பவில்லை, மிலானாவின்மேல் நிற்கிறது. அவள் நெஞ்சில் குத்திய மைக்குக்குப் பக்கத்தில் கெல்சியின் குரல் மெதுவாக எதையோ கேட்கிறது. மிலானா தலையைத் திருப்பிச் சமையலறை வாசலில் அம்மா இருக்கும் பக்கம் பார்த்தாள். அம்மா ரஷீதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிலானா தன் கிளாஸைத் தூக்கி, கேமராவுக்கு இந்தப் பக்கமிருந்து நீண்ட ஒரு கிளாஸோடு மோதினாள். இன்னொரு தடவை என்றது குரல். மோதினாள். கொஞ்சம் பலமாக. அதையும் செய்தாள். அப்பாவின் படமும் அதே காட்சியில் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ரஷீத் கதையின் நடுவில் ஒரு கணம் நின்று, அவளைப் பார்த்துவிட்டு, இன்னும் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தான்.

நான் எழுந்தேன். அவள் இமை ஒட்டும் கடைக்கே போய் அத்தனை பேர் முன்னாலும் கேட்கிறேன் என்றேன். கோபத்தில் என்னென்னவோ சொன்னேன், இங்கே எழுதமுடியாது. அல்யா அழவில்லை, கத்தவில்லை. அவள் சொன்னது ஒன்றுதான்.

"அவகிட்ட நீ இதைப் பத்திப் பேசவே கூடாது. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியக்கூடாது. சத்தியம் பண்ணு ஃபைனா."

அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பு என்றேன். ஸோயாக்கா வெட்டாமல் கேட்டாங்க என்றாள். அப்படியானால் அவர்கள் படத்தைக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடு என்றேன். கையில் இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று, இனி இல்லையென்றால் அவர்களுக்குப் புரியாதா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். போனை மேஜைமேல் வைத்துப் பேசினாள், இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது. படம் எங்கே என்று ஸோயா கேட்டாள். அனுப்பப்போவதில்லை என்றாள் அல்யா. ஸோயாவும் அதே கப்பல் தளத்தில் கணக்கெழுதியவள், கூட்டிக்கழிக்கத் தெரியாதவள் இல்லை.

"அப்ப யாரோ மோதியிருக்காங்க" என்றாள். "யாரு? அந்தப் பொண்ணா? வலேரி பெத்த பொண்ணா?"

அல்யா என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல ஸோயாக்கா. நான்தான். குடிச்சிருந்தேன். தெரியாம மோதிட்டேன்."

"அவன் ஆன்மாமேல சத்தியம் பண்ணியே."

"பண்ணினேன்."

இனிமேல் இந்த நம்பருக்குக் கூப்பிடாதே என்றாள் ஸோயா. திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், அதைத் தாங்கியிருப்போம். சாதாரணமாக, பால்காரனிடம் நாளையிலிருந்து வேண்டாம் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வைத்தாள். ஸோயாக்காவுக்கும் இனி மிலானாவை விட்டால் யார் இருக்கிறார்கள், எனக்கும் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அல்யா எழுந்து பாத்திரம் கழுவப் போனாள்.

பனி விழ ஆரம்பித்ததும் அடுத்த வருஷத்துப் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. அல்யா சொன்ன சொல் தவறவில்லை. கத்தச் சொன்ன இடத்தில் கத்துகிறாள். இப்போதெல்லாம் கெல்சி அவளை ஒரு தடவைக்குமேல் கேட்கவேண்டியிருப்பதில்லை என்று கேள்வி.

போன வாரம் மிலானா பாவாடை ஒன்றைச் சிறிதாக்க என் கடைக்கு வந்தாள். நான் ஊசியை வாயில் வைத்துக்கொண்டு முட்டிபோட்டு அளவு குத்திக்கொண்டிருந்தேன். ரீபின்ஸ்கிலிருந்து அத்தை இப்போது வாராவாரம் தனக்கே போன் செய்கிறார்கள் என்றாள். சின்ன வயதில் அப்பாவுக்குப் பாடின பாட்டெல்லாம் பாடிக் காட்டுகிறார்களாம், முட்டி சரியானால் உன்னைப் பார்க்க வருவேன் என்கிறார்களாம். அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஃபைனா அத்தை, போன் வைக்கிறப்பல்லாம் ஸோயா அத்தை ஒண்ணு சொல்றாங்க. உங்க அம்மா மாதிரி மட்டும் ஆயிடாதேன்னு. அம்மா அப்படி என்ன செஞ்சாங்க, உங்களுக்குத் தெரியுமா?"

வாயில் ஊசி இருந்ததால் நான் உடனே பதில் சொல்லவேண்டியிருக்கவில்லை. எல்லா ஊசியையும் குத்தி முடித்துவிட்டு, உங்க அம்மாவையே கேள் என்றேன். கேட்கிறேன் என்றாள். நான் அவளைத் திரும்பி நிற்கச் சொன்னேன், பின்பக்க ஓரம் இன்னும் பாக்கி இருந்தது.